ஊர்வாய் சொன்ன பெயர்

பூவிழிக்கு லிஸ்ட் போடுவதில் ஒரு கிறுக்கு உண்டு. மளிகைக்கு லிஸ்ட் எல்லாரும் போடுவார்கள். கல்யாணத்துக்குப் போனால் யார் யாரிடம் தலைகாட்டிவிட்டு வரவேண்டும் என்பதற்கும் லிஸ்ட் போடுகிற ஆள் அவள். அதெல்லாம் போகட்டும். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிச் சாலையில், மருந்துக்கடைக்கு மேல்மாடியில், வெப்சைட் செய்து கொடுக்கும் ஒரு சின்ன கம்பெனியில் பத்து வருடமாக வேலை பார்க்கிறாள். அங்கே அவள் பெயரிலேயே ஒரு லிஸ்ட் புழங்கியது. புதிதாக யார் சேர்ந்தாலும் முதல் நாள் காலையில் கையில் கிடைப்பது அதுதான்: எடிட்டரில் போட்டுக்கொள்ள வேண்டிய ஒன்பது எக்ஸ்டென்ஷன்கள். எடிட்டர் என்பது நிரல் எழுதும் நோட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்டென்ஷன் என்பது அந்த நோட்டுக்குள்ளேயே குடியிருந்து கூடமாட வேலை செய்யும் ஆள்.

ஒன்பதுக்கும் அவளே பட்டப்பெயர் வைத்திருந்தாள். அடைப்புக்குறிகளுக்கு ஜோடி ஜோடியாக வண்ணம் பூசுவது ‘வளையல் கடை’. ஸ்பெல்லிங் தப்பினால் அடியில் சிவப்புக் கோடு இழுப்பது ‘வாத்தியார்’. வெப்பக்கத்தில் ஜோடியாக வரும் டேக் குறிகளில், திறக்கிறதில் ஒரு எழுத்தை மாற்றினால் மூடுகிறதிலும் தானாகவே மாற்றிவிடுவது ‘ஜோடிப்புறா’. கன்னாபின்னாவென்று எழுதியதை, சேவ் பண்ணிய அடுத்த நொடியில் கயிறு பிடித்தாற்போல அடுக்கித் தருவது ‘வரிசை நடவு’. ஒன்பதாவது ‘ஊர்வாய்’. எந்த வரியில் கர்சரை வைத்தாலும் அதன் வால்பக்கத்தில், மங்கலான சாம்பல் எழுத்தில், இதை எழுதியது இன்னார், இத்தனை நாளைக்கு முன்னால் என்று போட்டுக்கொடுத்துவிடும். பேருக்கேற்ற எக்ஸ்டென்ஷன்தான், சும்மா சொல்லக்கூடாது.

இந்த லிஸ்டின் புகழ் பரவி, ஒரு பொறியியல் கல்லூரியிலிருந்து வந்து பேசக் கூப்பிட்டிருந்தார்கள். வெப் டெவலப்பர்களுக்குப் பயன்படும் எக்ஸ்டென்ஷன்கள் என்று தலைப்பு. முக்கால் மணி நேரம். பூவிழிக்குத் தலைகால் புரியவில்லை. தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலையில் லேப்டாப்பைத் திறந்துவைத்து, ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனுக்கும் ஒரு படம் எடுத்துக்கொண்டிருந்தாள். எட்டு முடிந்தது. ஊர்வாய்க்கு மட்டும் படம் அமையவில்லை. இப்போது ஓடுகிற வேலைகளைக் காட்டினால் வாடிக்கையாளர்கள் சண்டைக்கு வருவார்கள். செத்துப்போன பழைய வேலை ஏதாவது இருக்கிறதா என்று தேடியபோது, மூன்று வருடத்துக்கு முன்னால் பாதியில் கைவிட்ட ‘அறுவடை’ ஃபோல்டர் கண்ணில் பட்டது.

அதைத் திறந்தபோதே மனசு ஒரு மாதிரி இருந்தது. இருந்தாலும் திறந்தாள். அந்தக் குறிப்பிட்ட ஃபைலுக்கும் போனாள், அந்தக் குறிப்பிட்ட வரியிலும் கர்சரை வைத்தாள். புண்ணைச் சொறியாமல் இருக்க முடியுமா? ஊர்வாய் அன்றைக்குச் சொன்னதையே சொன்னது: ஃபாஜில், மூன்று வருடத்துக்கு முன்னால்.

பேச்சில் சொல்வதற்கு ஒரு நுணுக்கமும் வேண்டுமே என்று எக்ஸ்டென்ஷனின் செட்டிங்ஸுக்குள் நுழைந்தாள். அங்கே ஒரு சின்னக் கட்டம். வெறும் இடைவெளியை மட்டும் மாற்றியவர்களைக் கணக்கில் எடுக்காதே என்று அர்த்தம். இது இருப்பது அவளுக்குத் தெரியும். டிக் பண்ணவேண்டிய அவசியம் ஒருநாளும் வந்ததில்லை. படத்துக்காக டிக் பண்ணிவிட்டுப் பழைய வரிக்குத் திரும்பி வந்தாள்.

பெயர் மாறியிருந்தது. பூவிழி, மூன்று வருடம் நான்கு மாதத்துக்கு முன்னால்.

டிக்கை எடுத்தாள், ஃபாஜில். மறுபடி போட்டாள்; பூவிழி. ஐந்தாறு முறை போட்டுப் போட்டு எடுத்தாள். ஒவ்வொரு முறையும் அது இதையேதான் சொன்னது.

“என்னடி, பேயறைஞ்ச மாதிரி உட்கார்ந்துருக்க? இட்லி ஆறுது” என்று அடுப்படியிலிருந்து கேட்டாள் அம்மா கண்ணாத்தாள். பூவிழி எழுந்திருக்கவில்லை.

நடந்தது இதுதான். மூன்று வருடத்துக்கு முந்தைய சம்பா அறுப்பு. அதற்குச் சில மாதம் முன்னாலேயே ஒரத்தநாட்டுப் பக்கத்து விவசாயிகள் சிலர் குழுவாகச் சேர்ந்து, அறுவடை மெஷினுக்கு முன்பதிவு செய்ய ஒரு வெப்சைட் கேட்டார்கள். அறுப்புச் சமயத்தில் சேலம், ஆத்தூர் பக்கமிருந்து வண்டிகள் வந்து இறங்கும். யார் வயலுக்கு எந்த வண்டி, எந்த நாள் என்பதில் வருடா வருடம் அடிதடி. போனில் தேதியைப் போட்டால் வண்டி டிரைவரின் போனில் வரிசை வந்துவிடும் என்பது ஏற்பாடு. பொங்கல் கழிந்த கையோடு ஓட ஆரம்பித்து, ஜனவரி முடியும்வரை பிரமாதமாக ஓடியது.

தப்பு ஒரே ஒரு வரியில் இருந்தது. நாம் நாளை முதலில் எழுதுவோம், மாதத்தைப் பின்னால். அந்த வரியோ அமெரிக்கப் பழக்கத்தில் முதல் எண்ணை மாதம் என்று எடுத்துக்கொண்டது. முதல் எண் பன்னிரண்டைத் தாண்டினால் மட்டும், இது மாதமாக இருக்க வழியில்லை என்று புத்தி வந்து மாற்றிப் படித்தது. அதனால் இருபது, இருபத்தைந்து என்று வந்த ஜனவரித் தேதிகளெல்லாம் தப்பித்தன. பிப்ரவரி பிறந்ததும் பிடித்தது சனி. பிப்ரவரி மூன்றாம் தேதி, மார்ச் இரண்டாம் தேதியாகப் போய் உட்கார்ந்துகொண்டது.

அந்த மூன்றாம் தேதிக்குத்தான் காளியம்மாள் பதிவு செய்திருந்தார். மூன்று ஏக்கர், குத்தகை நிலம். வண்டி இறங்க வரப்பை வெட்டிவைத்துக்கொண்டு காலையிலிருந்து நின்றிருக்கிறார். பக்கத்து வயலில் அறுத்துக்கொண்டிருந்த டிரைவர், “உங்க பேரு மார்ச்சுலல்லம்மா இருக்கு” என்று போனைக் காட்டிவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விட்டான். மறுநாள் மழை பிடித்தது. இரண்டு நாள் விடவில்லை. கதிரெல்லாம் சாய்ந்து தண்ணீரில் படுத்து, படுத்த இடத்திலேயே முளைத்துவிட்டது.

காளியம்மாள் பஸ் ஏறித் தஞ்சாவூருக்கு வந்தார். சத்தம் போடவில்லை. மாடியேறி வந்து, மடியிலிருந்து ஒரு பிடிக் கதிரை எடுத்துப் பூவிழியின் கீபோர்டின் மேல் வைத்தார். ஒவ்வொரு நெல்லிலும் வெள்ளையாக ஒரு முளை நீட்டிக்கொண்டிருந்தது.

“இதை எந்தத் தேதியில போட்டு வப்பீங்க?” என்று கேட்டார்.

அந்தக் கதிரைப் பூவிழி எடுத்துப் பார்த்தாள். கண்ணாத்தாள் நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்ப் படிக்க வைத்த பெண் அவள். முளைத்த நெல் என்றால் என்ன என்று அவளுக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை. முதலாளி குஞ்சிதபாதம் அறையிலிருந்து வெளியே வந்தார். “யாரு எழுதுனது இது?” என்று ஒரே கேள்விதான் கேட்டார்.

அவள் ஃபைலைத் திறந்து வரியைக் கண்டுபிடித்துக் கர்சரை வைத்தாள். ஃபாஜில் என்று வந்தது. அப்போது அவள் மனசுக்குள் வந்தது என்ன தெரியுமா? நிம்மதி. அப்பாடா, நானில்லை. அந்த ஒரு நொடி நிம்மதியைத்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை அவளால் மன்னிக்க முடியவில்லை. தப்பு எல்லாரும் பண்ணுகிறோம். அடுத்தவன் பெயரைப் பார்த்துச் சந்தோஷப்பட்டோமே, அதற்கு என்ன சொல்வது?

ஃபாஜில் அதிராம்பட்டினத்துப் பையன். இருபத்து மூன்று வயது. சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. கீபோர்டில் விரல் ஓடுவது கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவு வேகம். மவுஸைத் தொட்டால் தீட்டு என்பதுபோல எல்லாவற்றுக்கும் ஒரு ஷார்ட்கட் வைத்திருப்பான். அவனுடைய வாப்பாவுக்கு ஷார்ஜாவில் பலசரக்குக் கடை. மகன் கடைக்கு வரவேண்டும் என்பது அவர் கட்சி, கம்ப்யூட்டர்தான் என்பது இவன் கட்சி. கடைசியில் ஒரு வருடம் தவணை கொடுத்திருந்தார். ஒரு வருடத்தில் நல்ல பேர் எடுத்தால் அவன் இஷ்டம், இல்லையென்றால் பெட்டியைக் கட்டவேண்டியது. இதெல்லாம் மாடியில் எல்லாருக்கும் தெரியும். பூவிழிக்கு மற்றவர்களைவிட நன்றாகவே தெரியும். அக்கா அக்கா என்று அவளிடம்தான் எல்லாம் சொல்வான்.

“நான் அந்த வரியைத் தொட்ட ஞாபகமே இல்லையேக்கா” என்றான் அன்றைக்கு.

காளியம்மாள் பார்த்துக்கொண்டிருக்க, குஞ்சிதபாதம் பார்த்துக்கொண்டிருக்க, பூவிழி திரையின் மேல் விரலை வைத்தாள். “பாரு, உன் பேருதான் இருக்கு. ஸ்கிரீன் பொய் சொல்லுமா ஃபாஜில்?”

பாவி, அவன் அதை நம்பிவிட்டான். நம்பாமல் என்ன செய்வான், சொன்னது அவன் அக்கா. காளியம்மாளைக் கும்பிட்டு, “மன்னிச்சுருங்கம்மா, நான்தான் போல” என்றான். குஞ்சிதபாதம், “கொஞ்ச நாள் வீட்டுல இருங்க தம்பி, கூப்பிடுறோம்” என்றார். யாரும் கூப்பிடவில்லை. குழுவும் வெப்சைட்டைத் தலைமுழுகிவிட்டுப் போனது. தப்பான வரியைத் திருத்தக்கூட யாரும் கேட்கவில்லை. அது அப்படியே ஃபோல்டரில் கிடந்தது. அடுத்த மாதமே ஃபாஜில் ஷார்ஜாவுக்குப் போய்விட்டான் என்று கேள்விப்பட்டாள்.

இப்போதுதான் எல்லாம் கோவையாகப் புரிந்தது. அந்த வரி அவள் எழுதியதுதான். வேறு ஏதோ வேலையிலிருந்து அவசரத்தில் எடுத்து ஒட்டியது. பிறகு ஃபாஜில் வந்தான். முதல் நாளே அவன் கையில் லிஸ்டைத் திணித்தவளும் அவளே. “நாலாவதை மறந்துடாத, வரிசை நடவு. சேவ் பண்ணினா போதும், எல்லாத்தையும் அதுவே அடுக்கிடும்.” அவன் போட்டுக்கொண்டான். ஏதோ ஒரு தலைப்பின் நிறத்தை மாற்றச்சொல்லி அவள் கொடுத்த ஃபைலில் அதை மட்டும் மாற்றிவிட்டுச் சேவ் பண்ணினான். அறுநூறு வரியும் இரண்டு இடைவெளி இடப்பக்கமாக நகர்ந்து பளிச்சென்று நின்றன. நகர்ந்த ஒவ்வொரு வரியின் வாலிலும் அவன் பெயர் ஒட்டிக்கொண்டது. “ஆகா, இப்பத்தான் பார்க்க லட்சணமா இருக்கு” என்று அவள் மெச்சியதுகூட நினைவுக்கு வந்தது.

தன் வரி என்பது அன்றைக்கு நிஜமாகவே மறந்துபோயிருந்ததா, மறந்திருக்கவேண்டும் என்று மனசு ஆசைப்பட்டதா? எத்தனை யோசித்தும் அவளுக்கே பிடிபடவில்லை. ஒரு டிக். ஒரே ஒரு டிக் அன்றைக்குப் போட்டிருந்தால் தீர்ந்தது.

திங்கட்கிழமை குஞ்சிதபாதத்திடம் சொன்னாள். அவர் லேப்டாப்பைப் பார்க்கவே இல்லை.

“அந்தப் பையன் இப்ப நல்லாத்தானே இருக்கான்? துபாயோ ஷார்ஜாவோ.”

“சார், தப்பு என்னுது.”

“சரிம்மா, உங்களுதாவே இருக்கட்டும். அன்னைக்குக் குழுவுக்கு ஒரு பேரு தேவைப்பட்டுச்சு, கொடுத்தோம். அதை இப்பப் போய்த் தோண்டி யாருக்கு என்ன லாபம்? வெள்ளிக்கிழமை காலேஜுல நல்லாப் பேசுங்க. நம்ம கம்பெனி பேரு ரெண்டு தடவை வர்ற மாதிரி பார்த்துக்குங்க.”

“அவனை மறுபடி எடுத்துக்கலாமா சார்?”

“மூணு வருஷம் பலசரக்குக் கடையில நின்ன பையனையா?” என்று சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை. அவருக்கு அது முடிந்துபோன சமாச்சாரம், அவ்வளவுதான்.

ஃபாஜிலின் பழைய நம்பர் வேலை செய்யவில்லை. வீட்டு நம்பர் ஒன்று பழைய விண்ணப்பத்தில் இருந்தது. எடுத்தது அவன் தங்கை ஆயிஷா. “அண்ணன் லீவுல வந்துருக்காங்க. நாளான்னைக்குக் கெளம்புறாங்க” என்றாள். பூவிழி மறுநாளுக்கு லீவு எழுதிக்கொடுத்தாள்.

பட்டுக்கோட்டையில் பஸ் மாறி அதிராம்பட்டினம் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. வழிநெடுக அறுப்பு. டயர் போட்ட அறுவடை வண்டியும் செயின் போட்ட வண்டியும் வயலுக்கு வயல் புழுதி கிளப்பிக்கொண்டிருந்தன. போனில் பேசித்தான் இன்னமும் வரிசை பிடிக்கிறார்கள், அடிதடியும் அப்படியே நடக்கிறது. பூவிழி ஜன்னல் பக்கம் உட்கார்ந்து என்ன சொல்வது என்று லிஸ்ட் போட்டுப் பார்த்தாள். முதல் வரிக்கு மேல் நகரவில்லை.

ஃபாஜிலின் உம்மா நஜ்மா வாசலுக்கே வந்து, “வாம்மா, உள்ள வா. தஞ்சாவூர்லேர்ந்தா? இவன் ஒங்களைப் பத்திச் சொல்லிக்கிட்டே இருப்பானே” என்று கையைப் பிடித்து அழைத்துப்போனார். அந்தக் கைச்சூடே பூவிழியைக் கூசவைத்தது. கூடத்தில் பெரிய பெட்டி திறந்து கிடந்தது. ஊறுகாய்ப் பாட்டில்களைக் கைலியில் சுற்றி அடுக்கிக்கொண்டிருந்தான் ஃபாஜில். உடம்பு பூசினாற்போல இருந்தது, தாடி வைத்திருந்தான்.

“அக்கா! நீங்களா? சொல்லாம கொள்ளாம?” என்று எழுந்தான். முகம் முழுக்கச் சிரிப்பு. மூன்று வருடத்து வருத்தம் அதில் எங்கேயும் இல்லை. அதைப் பார்த்ததும் பேசாமல் டீயைக் குடித்துவிட்டுத் திரும்பிவிடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. வந்த நினைப்பை அடக்கிக்கொண்டு லேப்டாப்பை எடுத்தாள். வாயால் சொல்லத் தைரியம் இல்லாததால், ஃபைலைத் திறந்து, அந்த வரியில் கர்சரை வைத்து, அவன் பக்கம் திருப்பினாள்.

“இது என்னன்னு தெரியுதா?”

அவன் குனிந்து பார்த்தான். சிரிப்பு போய்விட்டது. “எனக்கு எதுக்குக்கா இதை மறுபடி காட்டுறீங்க?”

“இப்பப் பாரு.” டிக்கைப் போட்டாள். பெயர் மாறியது.

டிக்கை எடுத்தான், போட்டான். அவள் ஞாயிற்றுக்கிழமை செய்ததையே செய்தான். பூவிழி திக்கித் திணறி எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். வரிசை நடவு, இரண்டு இடைவெளி, அறுநூறு வரி, அந்த நிம்மதி. நிம்மதியையும் மறைக்காமல் சொன்னாள்.

“எனக்கு அன்னைக்குத் தெரியாதுக்கா,” என்றான் கடைசியில். “தெரிஞ்சுருந்தா சண்டை போட்டுருப்பேன். உங்ககூடத்தான் போட்டுருப்பேன். நான்தான் பண்ணேன்னு நெனச்சேன். எப்பப் பண்ணேன், எப்பப் பண்ணேன்னு மண்டையைப் போட்டு ஒடச்சுக்கிட்டேன். ஞாபகமே இல்லாம ஒரு குடும்பத்தோட சோத்துல மண்ணைப் போட்டுருக்கேனே, இனிமே இன்னும் எதெல்லாம் பண்ணுவேனோன்னு பயந்துபோய்த்தான் விட்டேன். வாப்பா கூப்பிட்டதுக்காகப் போகலக்கா நான். இங்க மழை பேஞ்சா என்னால படுக்க முடியல. அங்க மழையே கெடயாது. அது போதும்னு இருந்துட்டேன்.”

“ஃபாஜில், மன்னிச்சு…”

“இருங்க.” குரல் ஏறியது. “மூணு வருஷம்க்கா. கடைக்கு வர்றவங்ககிட்டயெல்லாம் வாப்பா என்ன சொல்வாரு தெரியுமா? ‘எம் பையன் கம்ப்யூட்டர் படிச்சு ஊரு நெல்லை மொளைக்க வச்சவன்’னு. வேடிக்கையாத்தான் சொல்வாரு. எல்லாரும் சிரிப்பாங்க. நானும் கூடச் சேந்து சிரிப்பேன்.”

நஜ்மா டீயோடு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். எதுவும் புரியாமல் மகனையும் வந்தவளையும் மாறி மாறிப் பார்த்தார். ஃபாஜில் தணிந்தான். போனை எடுத்தான். “இதை ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா? வாப்பாவுக்கு அனுப்பணும்.” திரையைப் படம் பிடித்தான், அவள் பெயர் தெளிவாகத் தெரிகிறமாதிரி. கீழே நாலு வரி தட்டி அனுப்பினான். டீ ஆறும்வரை போனையே பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் ஒரு கட்டைவிரல் படம் வந்தது. அதற்குமேல் எதுவும் வரவில்லை.

“பிஸியா இருப்பாரு” என்றான்.

பிறகு, “இன்னும் இதைச் சரி பண்ணவே இல்லையா?” என்று லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தான். விரல்களைக் கீபோர்டின் மேல் வைத்தான். அந்த விரல்களைத்தான் பூவிழி பார்த்துக்கொண்டிருந்தாள். அவை ஓடவில்லை. எதையோ அழுத்தினான், வேறு ஏதோ ஜன்னல் திறந்தது. அதை மூடத் தெரியாமல் தடவினான். கையெடுத்து மவுஸைப் பிடித்தான். அதையும் விட்டான்.

“மறந்துபோச்சுக்கா.”

பூவிழிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. “நீ இருந்துரு ஃபாஜில். நான் வேற கம்பெனியில சொல்றேன். ரெண்டே மாசத்துல எல்லாம் திரும்ப வந்துடும். வெள்ளிக்கிழமை காலேஜுல எல்லார் முன்னாலயும் உன் பேரைச் சொல்லி…”

“என் பேரை விட்டுருங்க. அந்த வரியில இருந்த வரைக்கும் போதும்.” பெட்டிக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்த ஒரு சின்ன அரிசிப் பையைக் காட்டினான். “இது யாரு கொடுத்ததுன்னு நெனக்கிறீங்க? அந்தக் காளியம்மா. ஒவ்வொரு லீவுக்கும் போய்ப் பார்த்துட்டு வருவேன். போன வாரமும் போனேன். எப்பப் போனாலும் வெறுங்கையோட அனுப்பமாட்டாங்க. எனக்குச் சொல்லிட்டீங்க, சரி. அவங்ககிட்டப் போய்ச் சொல்லுங்க. நான் சொன்னா நல்லா இருக்காது.”

தான் ஒருமுறைகூடப் போய்ப் பார்க்காத வாசலுக்கு, தன் தப்புக்காக, இவன் வருடா வருடம் போய் நின்றிருக்கிறான். பூவிழி தலையை ஆட்டினாள். புறப்படும்போது அவன் வாசல்வரை வந்தான். கோபமாக இருக்கிறானா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. “பார்த்துப் போங்கக்கா” என்றான்.

திரும்பும் வழியில், ஒரத்தநாட்டுக்கு முன்னால் ஒரு கிளைச் சாலையில் இறங்கி விசாரித்துக்கொண்டு போனாள். காளியம்மாளைத் தேட வேண்டியிருக்கவில்லை. தார்ச்சாலையில் பாதி அகலத்துக்கு நெல்லைக் கொட்டி, காலால் வரி வரியாகக் கிளறிவிட்டுக்கொண்டிருந்தார். இந்த வருடம் நல்ல வெயில். நெல் காலடியில் கலகலத்தது.

“நீங்க அந்தத் தஞ்சாவூர் ஆபீசுப் பொண்ணுதானே?” என்றார், ஏற இறங்கப் பார்த்துவிட்டு.

“ஆமாங்கம்மா. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு அந்தத் தேதியைத் தப்பா எழுதுனது ஃபாஜில் இல்லீங்க. நான்தான்.”

காளியம்மாள் கிளறுவதை நிறுத்தவில்லை. வரியின் கடைசிவரை போய்த் திரும்பி வந்தார்.

“பாய் வீட்டுத் தம்பி அனுப்புச்சா உங்களை?”

“இல்லீங்கம்மா, நானாத்தான்…”

“தங்கமான புள்ள. வருஷா வருஷம் வந்து இந்த வாசல்ல நின்னுட்டுப் போவுது. தப்புப் பண்ணவங்க எல்லாரும் ஓடி ஒளிவாங்க, அது ஒளியல. நானும் எப்பவோ மனசு ஆறிட்டேன்னு அதுகிட்டச் சொல்லியாச்சு. அதைக் காப்பாத்தறதுக்காக நீங்க பழியத் தூக்கிப் போட்டுக்க வேண்டாம்.”

“அய்யோ, பழியே என்னுதுங்கம்மா. இந்தாங்க, இதுல பாருங்க.” நடுச்சாலையில், நெல்லுக்கு ஓரமாக, லேப்டாப்பைத் திறந்து பிடித்தாள். வெயிலில் திரை கறுப்பாகத்தான் தெரிந்தது. முந்தானையால் நிழல் கட்டிப்பார்த்தாள். சாம்பல் எழுத்து தெரியவே இல்லை.

காளியம்மாள் சிரித்தார். பரிவான சிரிப்புதான். “மூடி வைம்மா, தூசி அடிக்குது. அன்னைக்குத்தான் நானே கண்ணாலப் பார்த்தேனே. நீதானே வெரல வச்சுக் காட்டுன.” குனிந்து ஒரு பிடி நெல்லை அள்ளி ஊதிப் பார்த்துக்கொண்டே சொன்னார். “ஸ்கிரீன் பொய் சொல்லுமா?”

பூவிழி லேப்டாப்பை மூடினாள். காளியம்மாள் அடுத்த வரியைக் கிளறப் போனார்.